மெல்லச் சொட்டுற சூப்பி

"தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் போத்தல் எதுக்கு மனே?"

பிறசர் குளிசை வாங்கப் பாமசிக்கு வந்த றீற்றா கேட்டார். காலைப் பூசை முடிந்து நேராக வந்தவர். செபமாலை இன்னும் விரலில் சுற்றியபடி இருந்தது.

பக்கத்தில் நின்ற ஜசிந்தன் சிரித்தான். நாவற்குடாவில் வாவி மீன்பிடிக்கிறவன். மீனுக்கு ஐஸ் போடுகிற றெஜிபோம் பெட்டி ஒன்று, கழுவித் துடைத்து, காலடியில் வைத்திருந்தான்.

"றெயிலுக்கு அக்கா. பின்னேரம் பிள்ளை கொழும்புக்குப் போகுது."

"நேற்று ரெண்டு வகை கொண்டுபோனவன்," என்றார் கடைக்காரர் கனகசூரியம். "ரெண்டையும் பிள்ளை துப்பிப்போட்டுதாம். இண்டைக்குக் கடையையே கிளறுறான்."

ஜசிந்தன் போத்தலின் சூப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

"வலைக்குக் கண் பாக்கிற மாதிரிப் பாக்காத. இது இறால் பிடிக்கிற சாமான் இல்ல."

"கண் பெருசெண்டா வாய்க்குள்ள கொட்டும் ஐயா. முலையில பிள்ளை இழுத்து, பொறுத்து, இழுத்துத்தான் குடிக்கும். போத்தல்ல சும்மா ஒழுகினா அந்தச் சுகத்துக்குப் பழகிரும். பிறகு தாயிட்டப் போகாது. இது தாயிட்டப் போகவேண்டிய பிள்ளை."

தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

"இதான். அடியும் அகலம், நுனியும் மெது. இதில அரை டசின் தாங்க."

"கடை போடப் போறியோ?"

"ஓடுற றெயில்ல எங்க கழுவி அவிக்கிற? ஒரு நேரத்துக்கு ஒண்டு. பால் ஐஸில போகும். சுடுதண்ணிக்குள்ள வெச்சுக் குளிர் எடுத்தாச் சரி."

றீற்றாவுக்குப் பொறுக்கவில்லை.

"போத்தல் எண்டாலே மிட்வைப் ஏசுவாவே. கோப்பையில குடுக்கச் சொல்லலியோ?"

"சொன்னவ. அதிலயும் பழக்கினம். றெயில் ஆடுற ஆட்டத்தில பாதி சிந்திரும். சிந்துறதுக்குப் பால் இல்லக்கா."

"பெண்சாதி எங்க?"

"றொசானி வீட்டில. பால் எடுத்துக்கொண்டிருக்கிறா."

"அவ கூடப் போகலியோ?"

"இல்ல."

"பச்சைப் பிள்ளைய றெயில்ல ஏத்திப்போட்டு வீட்டில இருக்கப் போறாவோ? நானும் பெத்து வளத்தவள்தான். ஒரு நாள் பிரிஞ்சு இருந்ததில்ல. மாதாவுக்கு முன்னால ஒருக்கா முழங்காலில நிண்டு பாக்கச் சொல்லு. தாய் எண்டா என்னெண்டு அவக்கு விளங்கும்."

ஜசிந்தன் சூப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயா, கேத்தில் இருக்கா? ஒரு போத்தலை இங்கயே அவிச்சுக் குடுத்துப் பாப்பம். பிள்ளை குடிச்சாத்தான் றெயில். குடிக்காட்டிப் போக ஏலாது."

கனகசூரியம் தேத்தண்ணிக் கேத்திலைப் போட்டார். போத்தலும் சூப்பியும் கொதிநீரில் கிடந்து எழுந்தன. ஜசிந்தன் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் இருந்த பாலை எடுத்து, குளிர் போக்கி ஊற்றினான். பிறகு வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்துக் கைகாட்டினான்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் பிள்ளையோடு இறங்கி வந்தார். ஆட்டோக்காரராக்கும் என்று றீற்றா நினைத்தார்.

போத்தல் வாயில் பட்டதும் பிள்ளை முகத்தைத் திருப்பியது. மறுபடி வைக்க, சிவந்து கத்தியது.

"இதுவும் சரிவராது போல," என்றார் தொப்பிக்காரர்.

"பொறுங்க."

ஜசிந்தன் சேட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்தான். றொசானி உடுத்த பழைய சீலையில் கிழித்த துண்டு. அதை அவர் நெஞ்சில் விரித்து, பிள்ளையின் கன்னம் அதில் படும்படி சாய்த்தான். சூப்பியை உதட்டில் தொட்டபடி சும்மா வைத்திருந்தான். உள்ளே தள்ளவில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. மூக்கைத் துணியில் தேய்த்தது. வாய் தானாகத் திறந்தது.

இழுத்தது. பொறுத்தது. மீண்டும் இழுத்தது.

தொண்டைக்குள் பால் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் தலை நிற்காத பிள்ளை. இந்த அறிவை இதற்கு யார் கொடுத்தது? றீற்றாவின் கை தன்பாட்டில் சிலுவை அடையாளம் போட்டது.

"குடிக்கிறாள் மச்சான்," என்றார் தொப்பிக்காரர். "றஸீனா கண் முழிச்சதிலயிருந்து பிள்ளையத்தான் கேக்கிறாள். மருந்து நிப்பாட்டின பிறகு அவளே குடுக்கலாமாம்."

"ஆர் றஸீனா?" என்றார் றீற்றா.

"என்ட பெண்சாதி. நான் இப்றாஹிம். பிள்ளை பிறந்த கையோட அவளுக்கு இருதயத்தில வருத்தம் எண்டு கொழும்புக்கு ஏத்தினவங்க. பிள்ளை பசியில கத்தினது. பக்கத்துக் கட்டில்ல கிடந்த றொசானிதான் கேட்டு வாங்கிப் பால் குடுத்தவ. இண்டுவரைக்கும் அவதான்."

றீற்றா ஜசிந்தனிடம் திரும்பினார்.

"அப்ப, உங்கட பிள்ளை?"

"சேமக்காலையில அடக்கம் அக்கா." அவன் போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கியபடியே சொன்னான். "பொடியன். ஒரு இரவுதான் இருந்தவன்."

செபமாலையைப் பிடித்த கை கீழே இறங்கியது.

இப்றாஹிம் பிள்ளையின் கடைவாயில் வழிந்த பாலை அந்தச் சீலைத் துண்டால் ஒற்றினார்.

"எங்கட மார்க்கத்தில பால் குடுத்தவவும் உம்மாதான். அவட பிள்ளை இவளுக்குக் கூடப்பிறந்த நானா முறை," என்றார். "இவள் நடக்கத் தொடங்கினதும் கூட்டிவருவன். தன்ட நானா எங்க படுத்திருக்கிறாரெண்டு இவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்."