கட்டைவிரல் நீளத் துப்பாக்கி

ஜெயவேலு துப்பாக்கியை எடுத்து நீட்டியதும் அவருடைய மாப்பிள்ளை குமரவேல் சிரித்தான்.

"லைட்டரா மாமா? பர்மா பஜார்ல வாங்கினதா? சூப்பரா இருக்கு."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அது கட்டைவிரல் நீளம்தான். கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்வதற்காக எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் வாங்கியது. ஜெயவேலுவின் பாட்டனார் கைக்கு எப்படியோ வந்து, கூடுவாஞ்சேரி வீட்டு பீரோவிலேயே கிடந்தது. குண்டு ஒரு நெல்மணி அளவு.

வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறி வந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

குமரவேல் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு குனிந்தான். நாவலூரில் ஏழாவது மாடி பால்கனி. கீழே ரோடு அகலப்படுத்துகிற தூசி.

முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

உள்ளே மகள் கோகிலவாணி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். முன்பல்லில் பாதி இல்லை. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று குமரவேல்தான் சொன்னான், அவளைச் சொல்லவிடவில்லை.

பதறாதீர்கள் கண்ணுகளா, அவர் சுடவில்லை.

பாவம் பார்த்து அல்ல. முந்தின நாள் கொல்லையில் ஒரு பரங்கிக்காயைச் சுட்டுப் பார்த்திருந்தார். குண்டு தோலோடு நின்றுவிட்டது.

இவனைச் சுட்டால் கன்னத்தில் ஒரு பொட்டு ரத்தம் வரும். அவ்வளவுதான். அப்புறம் அவர் பஸ் ஏறிப் போய்விடுவார். இந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அந்த ஒரு பொட்டுக்கு உள்ளே யார் பதில் சொல்வது?

சிகரெட் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

"கேஸ் தீந்துபோச்சு மாப்ளே," என்றார்.

"நல்ல ஆளு மாமா நீங்க. பிடிக்கிறதும் இல்ல, எரியறதும் இல்ல. எதுக்கு லைட்டரு?" குமரவேல் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுப்படிக்குத் தீப்பெட்டி தேடிப் போனான்.

கோகிலவாணி லிஃப்ட் வரைக்கும் வழியனுப்ப வந்தாள். பீரோ திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து வளர்ந்த பெண். பால்கனியில் அப்பா நீட்டியதை உள்ளேயிருந்து பார்த்ததுமே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையை நீட்டினாள்.

"அதை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கப்பா."

"இதால ஒண்ணும் ஆகாது கண்ணு."

"பரவால்ல. குடுங்க."

கொடுத்தார். விரல்களை மூடிக்கொண்டாள். கையில் ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய், கதவு சாத்திக்கொள்ளாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன மாதம் இதே இடத்தில், என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா என்று கேட்டிருந்தாள். அனுசரிச்சுப் போம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர் அவர்.

இன்றைக்குக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார்.

அவள் கேட்கவில்லை.