எட்டும் கத்தக் கூடாது

அந்த பெயின்ட் ஆலையின் மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'ஆல் ஓகே'. எந்தப் பதிவேட்டை நீட்டினாலும், படிக்காமலேயே அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

போன மாதம் பம்ப் அறை தீப்பிடித்தபோதும், விசாரணையில் அதே பாட்டைத்தான் பாடினார். "பத்து வருஷமா இங்க ஒரு பொட்டுக் கசிவு கிடையாது சார். பம்ப் ஆபரேட்டர் சிகரெட் பத்த வெச்சிருக்கான், அவ்வளவுதான்."

பம்ப் ஆபரேட்டர் சிகரெட்டைக் கையால்கூடத் தொடாதவர். இப்போது அந்த இரண்டு கைகளிலும் தீக்காயக் கட்டோடு சிறையில் இருந்தார்.

விசாரணை அதிகாரி ஒரே ஓர் உத்தரவு போட்டார். தீப்பிடிக்கும் ஆவி கசிவதைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவிகளை எட்டு இடங்களில் பொருத்த வேண்டும். ஆலை ஓடும்போது வந்து பார்ப்பார். ஏதாவது ஒன்று கத்தினால் பம்ப் ஆபரேட்டர் தப்பித்தார். எட்டும் கம்மென்று இருந்தால் அவர் கதை முடிந்தது.

கருவி பொருத்த ஓர் இளம்பெண் வந்தாள். பம்ப் அறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"தின்னர் ஆவி காத்தைவிட கனம் சார். தரையோட தரையாத் தவழும். இங்கதான் வைக்கணும்."

மேனேஜர் ஷூ காலால் கோட்டைத் தேய்த்து அழித்தார். "இங்க வெச்சா நாள் பூரா கத்தித் தொலைக்கும்மா. அதோ, வெளிக்காத்து வர்ற ஜன்னலுக்கு மேல வை."

அவள் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நீங்களே சொல்லிடுங்க சார். எங்க வெச்சா கத்தாதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவரைப் போல உற்சாகமாக முன்னால் நடந்தார்.

"இந்த வால்வுகிட்ட வேணாம், மூணு வருஷமா அழுதுட்டிருக்கு. அந்தத் தூண்ல வை. டேங்க் அடியில வேணவே வேணாம், மாடிப்படி மேல வை. கலக்கற தொட்டி மூடி சரியா உக்காராது, அதனால அட்டைப்பெட்டி அடுக்கற மூலை."

பின்னாலேயே வந்த ஸ்டோர் கீப்பருக்கு வயிறு எரிந்தது. பம்ப் ஆபரேட்டர் அவனுடைய அக்காள் கணவர். மேனேஜர் போன் பேச ஒதுங்கியதும் அவளிடம் பாய்ந்தான்.

"எங்க மாமா ஜெயில்ல கெடக்காரு. எங்க அக்கா மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டு வந்து இந்த வேலையைச் செய்யுங்க. நல்லா விலை போயிட்டீங்க!"

"சார் காட்டின இடத்துல வைக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஸ்க்ரூவை முறுக்கினாள்.

இரண்டு வாரம் கழித்து, கருவி பொருத்திய பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதிகாரி வந்தார். எல்லா பம்புகளும் ஓடின. எட்டுக் கருவிகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஒன்றுகூட முனகவில்லை.

"பாத்தீங்களா சார்? நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று மேனேஜர் பூரித்துப்போனார்.

"பிரமாதம். இடம் பாத்தது யாரு, இந்தப் பொண்ணா?"

பெயர் அவளுக்குப் போய்விடுமோ என்று மேனேஜர் பதறினார். "இவளா? பம்ப் அடியில கொண்டு போய் வைக்கப் பாத்தா சார்! எட்டு இடமும் நான் பொறுக்கினது. இந்த ஆலையில ஒவ்வொரு அங்குலமும் எனக்கு அத்துப்படி."

"எழுதித் தர்றீங்களா?"

மேனேஜர் நின்றபடியே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதிகாரி தாளை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து உள்ளங்கை அளவு கருவி ஒன்றை எடுத்தார். தூணுக்குப் பக்கத்தில் பிடித்தார். சத்தமில்லை. இரண்டடி தள்ளி, வால்வுக்குக் கீழே பிடித்தார். வீல் என்று அலறியது. மாடிப்படியில் சத்தமில்லை. டேங்க் அடியில் அலறியது. ஆலை முழுக்க இதே கதைதான். ஸ்டோர் கீப்பர் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயோ சார், சத்தியமா எனக்குத் தெரியாது! இதெல்லாம் இன்னிக்குக் காலையிலதான் கசிய ஆரம்பிச்சிருக்கணும்!"

அதிகாரி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்க கசியுதுன்னு ஒண்ணுகூடத் தெரியாத ஆளு, எட்டுல ஒண்ணுகூடத் தப்பாம, கசியாத இடமாப் பாத்து எப்படி சார் வெச்சீங்க?"