நாலு விரல் அட்டை

தையல்காரர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற கலரே கிடைக்கலையா உங்களுக்கு? பச்சைக் கோட்டுல மஞ்சள் ஒட்டு! மலை ஆடு பார்த்தா மிரண்டு ஓடப் போகுது."

"ஓடாது. சிரிச்சுக்கிட்டு நிக்கும். நீ நிம்மதியா படம் எடுக்கலாம்."

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. கோட்டின் வலது முழங்கை கிழிந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். கையில் அகப்பட்ட மஞ்சள் துண்டை வெட்டி மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தார் அவர். வாசலில் அவளுடைய தம்பி கூடாரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தான்.

"தொலைஞ்சு போனா கண்டுபிடிக்கச் சுலபமா இருக்கும், போ" என்றார் தையல்காரர்.

அந்தச் சொல்லுக்காக அப்புறம் அவர் நாக்கைக் கடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அக்காவும் தம்பியும் பதினோரு வருஷமாக அந்த மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே பாறையில் அவள், கீழே புதரில் அவன். சேர்ந்து இருந்தால் மனித வாடை பட்டு ஆடு வராதாம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது காலை வெயிலில் ஒழுங்காக நின்றதில்லை.

மறுநாள் மத்தியானம் அவளை வேனில் கொண்டுவந்தார்கள். பாறையில் கால் வழுக்கிவிட்டது.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, தையல்காரர் மச்சினனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆடு வந்ததா? எடுத்தாளா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எடுத்துட்டாங்க அத்தான். கேமரா நொறுங்கிப்போச்சு, கார்டு மட்டும் தப்பிச்சுது. அப்படி ஒரு படத்தை இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை."

அவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீ எடுத்த படம் எப்படி வந்தது?"

"நான் எடுக்கலை."

"எடுக்கலையா? ஏன்?"

"கூடாரத்துல... தூங்கிட்டேன் அத்தான்."

தையல்காரர் கையை ஓங்கிவிட்டார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

"அவ அங்கே கிடந்து துடிச்சிருக்கா. ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆளில்லை. நீ இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினியா? இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே!"

அவன் மிதிக்கவில்லை. படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அட்டை வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு ஆள் மூலமாக அனுப்பினான். கீழே அக்காவின் பெயர்.

மெஷினுக்கு எதிர்ச் சுவரில் அதை மாட்டினார் தையல்காரர். முகட்டில் ஆடு நின்றது. சூரியன் பட்டு அதன் முதுகு மயிர் ஒவ்வொன்றும் பற்றி எரிந்தது.

அளவு கொடுக்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "யாருங்க எடுத்தது?"

"என் சம்சாரம். அன்னைக்குத்தான் போய்ச் சேர்ந்தா."

"அடடா! கூட யாரும் போகலையா?"

"போனான் ஒரு தூங்குமூஞ்சி."

அந்தப் பெயர் தெருவெல்லாம் ஒட்டிக்கொண்டது. படத்துக்குப் பரிசு கிடைத்தபோது தையல்காரர்தான் மேடையேறி வாங்கினார். கடைசி வரிசையில் தூங்குமூஞ்சி எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். அவர் பார்க்காத மாதிரி இறங்கி வந்துவிட்டார். அவன் கேமராவையே விட்டுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரிடம், "ரொம்ப நல்லது" என்றார்.

ஆறு வருஷம் போயிற்று. போன மாதம் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மச்சினர் தவறிட்டாராம். நெஞ்சுவலி. நாலு மணிக்கு எடுக்கிறாங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?"

தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"தூக்கத்துலயா போனான்?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பினார்.

நேற்று ஈரச் சுவரில் ஆணி கழன்று படம் கீழே விழுந்தது. கண்ணாடி தூள் தூள். தையல்காரர் அதைத் துணியில் சுற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனார்.

சட்டம் போடுபவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "இது நான் போட்டதாச்சே! உங்க மச்சினர் பாடாப் படுத்திட்டாருண்ணே. கீழே நாலு விரல் அகலத்துக்கு மறைக்கச் சொன்னார். அதுக்கு எதுக்கு அட்டை, வெட்டியே போட்டுடலாமேன்னேன். 'ஐயோ, வெட்டாதீங்க, மறைச்சா போதும்'னு கையைப் பிடிச்சுக்கிட்டார்."

பேசிக்கொண்டே பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினார். படத்தைப் புரட்டி அட்டையை உரித்தார்.

ஆட்டுக்குக் கீழே ஒரு பாறை இருந்தது. பாறையின்மேல் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றாள்.

"யாருண்ணே இது?"

தையல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

பச்சைக் கோட்டின் வலது முழங்கையில், காலை வெயில் பட்டு, கடுகளவு மஞ்சள் ஒட்டு தெரிந்தது.