இரண்டு தட்டு

பிக்கப் வண்டிகளுக்குப் பின்பம்பர் செய்யும் அந்தப் பட்டறையில், இழுவைக் கொக்கியைச் சோதிக்காமல் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. கொக்கியைச் சங்கிலியால் இரும்புத் தூணில் பிணைத்து, அண்ணன் வண்டியை முன்னால் இழுப்பார். தம்பி பின்னால் நின்று வெல்டிங்கைக் கவனிப்பான். அவன் இரண்டு தட்டு தட்டினால் இழுக்கலாம். ஒரு தட்டென்றால் நிறுத்த வேண்டும். தம்பி போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் தனியாகவே இழுத்துவந்தார்.

“சேத்துல இழுக்கும்போது புடுங்கிக்காதே?” என்றார் அன்று புதுப் பம்பர் போட வந்திருந்த வண்டிக்காரர்.

“எங்க கொக்கி புடுங்கிச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், மீசைய எடுத்துடறேன்.”

“உங்களுக்குத்தான் மீசையே இல்லையே!”

“வளத்து எடுக்கறேன். ஏறுங்க.”

வண்டியை நகர்த்தியதும் பின்னால் ஒரு தட்டு கேட்டது. அண்ணனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இறங்கிப் பார்த்தார். யாரும் இல்லை. கொக்கியின் அடியில், இடப்பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது.

அதைத் தேய்த்தெடுத்து, மறுபடி வெல்டிங் வைத்து, ஆறவிட்டு வந்து ஏறினார். சங்கிலி விறைத்தது. இரண்டு தட்டு கேட்டது.

“பின்னாடி யாருங்க?” வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கப் போனார்.

“வேணாம். ரெண்டு தட்டு தட்டினப்புறம் திரும்பிப் பாத்தா, அவன நம்பலேன்னு ஆயிடும். எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல.”

முதுகை நிமிர்த்தி, முழு விசையில் இழுத்தார். கொக்கி அசையவில்லை.

எஞ்சினை அணைத்து இருவரும் இறங்கினார்கள். கொக்கியில் சங்கிலி இல்லை. சோதனை முடிந்ததும் தம்பி எப்போதும் கழற்றி மாட்டுவதைப் போலவே, மூன்று மடிப்பாகத் தூணில் தொங்கி, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.