ஈர உடை

கற்பிட்டிக் கடலுக்குப் போன கஜமுகன் கரை திரும்பவில்லை, குஞ்சுகளே. ஒரு மாதமாகியும் உடல் கிடைக்கவில்லை. மறுநாள் அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியை. அங்கே வாசிக்க எந்த மொழிபெயர்ப்பு நல்லது என்று பார்க்க, அவன் தகப்பன் பரமநாதன், வீட்டிலிருந்த மூன்று கீதைகளையும் விரித்தார்.

“கிரியை வேண்டாம் மாமா. அவர் வருவார்,” என்றாள் மருமகள் தர்சனா.

“உயிர் உடுப்பு மாத்துற இடத்தை வாசி பிள்ளை.”

இரண்டு புத்தகங்களில் உயிர் பழைய உடையைக் களைந்தது. கஜமுகனின் புத்தகத்தில் மட்டும் ஈர உடையைக் களைந்தது.

“அச்சுப்பிழை,” என்றார் பரமநாதன்.

“போன கிழமை நான் வாசிக்கேக்க பழைய உடை எண்டுதானே இருந்தது?”

முற்றத்தில் ஏதோ சொட்டியது. கொடியில், அவன் கடலுக்கு உடுத்துப் போன சாரம் நனைந்து தொங்கியது.

தர்சனா ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தாள். அவனுக்கென்று மடித்து வைத்திருந்த உலர்ந்த சாரத்தைக் காணவில்லை.