நீளம் எதுவாயினும்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடத்திற்கு, ஆற்றுப் பாலத்தின் நடுவிலிருந்த சோதனைச் சாவடியில் அவள் நிறுத்தப்பட்டாள்.

இடக்கையில் வெள்ளைத் துணி கட்டிய மண்கலயம். இடுப்பில் ஒரு கத்தி.

கலயத்தில் அவளுடைய தம்பி பூபதியின் சாம்பல் இருந்தது.

கொள்ளி வைக்க அவனுக்கு வேறு யாரும் இல்லை. அவளே வைத்தாள். அப்போதே நாவிதர் அவளிடம் கத்தியைக் கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னார். சாம்பல் கரையும்வரை இரும்பு உடம்பை விட்டு இறங்கக் கூடாது என்றார்.

இறங்கினால், போனவன் போகமாட்டான். குத்துப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

கைப்பிடி தேய்ந்த வீட்டுக் கத்தி அது. நுனியில் ஓர் எலுமிச்சம்பழம்.

அவள் விசாரிக்காமல் புறப்பட்டவள் அல்லள். கிழக்குக் கரையில், தன் ஊர்க் காவல் நிலையத்தில், முந்தைய நாளே கேட்டிருந்தாள். வீட்டுக் கத்தியை யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் சொன்னது சரி. பாதிப் பாலம்வரை.

அங்கே சாலையின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. அதற்கு அப்பால் வேறு மாவட்டம். வேறு ஆட்சியர். அவருடைய உத்தரவு சாவடிப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது.

கூர்முனையுள்ள எப்பொருளும், நீளம் எதுவாயினும், பயன் எதுவாயினும், பதினைந்து நாட்களுக்குப் பொது இடங்களில் எடுத்துச் செல்லலாகாது.

கீழே நாள்: மார்ச் பதினொன்று.

அவள் அந்த நாளை இரண்டு முறை படித்தாள்.

பூபதி குத்தப்பட்ட நாள். மேற்குக் கரையில், படித்துறைத் தெருவில், பகல் நேரத்தில், நால்வரால். நால்வரின் பெயரையும் தந்தை பெயரோடு அவள் புகாரில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவன் இறந்ததால் வந்த உத்தரவு அது.

சாவடியின் ஓரத்தில் ஒரு கோணிப்பை வாய் திறந்து கிடந்தது. அதில் அரிவாள்கள், மீன் நறுக்கும் கத்திகள், ஒரு தையற்காரரின் கத்தரிக்கோல். ஒவ்வொன்றிலும் ஓர் எண் சீட்டு.

அவளுக்கு முன்னால் இளநீர் விற்பவர் ஒருவர் நின்றார்.

"ஏனுங்க ஏட்டையா, இத வாங்கி வெச்சுக்கிட்டா எளநியப் பல்லுலயா சீவறது?"

"சீவு. பல்லுக்குத் தடை இல்ல."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் முறை வந்ததும் அடங்கியது.

ஏட்டு அர்த்தநாரி கலயத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

பிறகு கத்தியைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"கத்திய இங்க வெச்சுட்டுப் போங்க அம்மணி. திரும்பி வாரப்ப தந்தர்றேன்."

முடியாது என்றாள். காரணத்தை இரண்டே வாக்கியங்களில் சொன்னாள். அவருக்கு மூன்றாவது தேவைப்படவில்லை. அவரும் தம் தந்தைக்காக இரும்பு சுமந்தவர்.

கிழக்குக் கரையில் வெறும் மணல். மேற்குப் படித்துறையை ஒட்டித்தான் நீர் ஓடிற்று. உச்சிப்பொழுதுக்குள் கரைத்தாக வேண்டும்.

கத்தியோடு கோட்டைத் தாண்டினால் வழக்கு. வழக்கானால், கலயம் காவல் நிலைய அலமாரியில் கிடக்கும்.

கத்திக்குப் பதிலாகக் கொடுக்க வேறு இரும்பு கிடைக்குமா என்று ஏட்டு தம்மைச் சுற்றிலும் தேடினார்.

சாவிக்கொத்து பித்தளை. கைத்தடி மூங்கில். தடுப்புவேலி இரும்புதான், எட்டடி நீளம். கோணிப்பையில் இருந்தவை எல்லாம் இரும்பு.

எல்லாம் கூர்.

வெயில் ஏறியது. பின்னால் ஒரு பால் வண்டி இருமுறை ஒலி எழுப்பியது.

அவள் பார்வை மேசையில் நின்றது. உத்தரவின் நகல்கள் காற்றில் பறந்துவிடாதபடி, அவற்றின்மேல் ஒரு பழைய கைவிலங்கு பாரமாக வைக்கப்பட்டிருந்தது.

நாவிதர் இரும்பு என்றுதான் சொல்லியிருந்தார்.

அவள் வலக்கையை நீட்டினாள்.

ஏட்டுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"ஐயோ, வேண்டாம் அம்மணி. படித்துறைக்கு அந்தத் தெரு வழியாத்தான் போகோணும். அவனுக நாலு பேரும் அங்க டீக்கடையிலதான் உக்காந்திருக்கறானுக."

சொல்லி முடித்த பிறகே, தாம் சொன்னது அவருக்குக் கேட்டது.

அவள் கையை மடக்கவில்லை.

"தெரியுமுங்க. பூட்டுங்க."

முதலில் விலங்கு, பிறகே கத்தி. அந்த வரிசை மாறக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

இறுதியில் முடிவானது இது. விலங்கின் ஒரு வளையம் அவளுடைய வலது மணிக்கட்டில் பூட்டப்பட்டது, மற்றொன்று தொங்கவிடப்பட்டது. கத்தி, பதினேழாம் எண் சீட்டுடன், கோணிப்பையில் இடப்பட்டது. எலுமிச்சம்பழம் அவளிடமே கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு மணிக்குள் திரும்பி வருவதாக அவள் கையொப்பமிட்டாள். சாவி ஏட்டிடம் இருந்தது.

விலங்குக்கு அந்த உத்தரவில் தடை ஏதும் இல்லை.

அவள் கோட்டைத் தாண்டினாள்.

பூபதி கொலை வழக்கில் விலங்கு ஏறிய முதல் கை அது.