கிராணி எடுத்த கப்பல் சீட்டு

குரங்கு கப்பல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

பக்கிரிசாமி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். அவருடைய தாய்மாமன் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

இடம், பினாங்கு தண்ணீர்மலைப் பூந்தோட்டம். மணி பகல் ஒன்று. நாகப்பட்டினம் கப்பல் நாலு மணிக்கு.

தலையில் கடலைத்தட்டுடன் பக்கத்தில் நின்றவன் நான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அந்த வயதில் எனக்குப் பொய் சொல்ல வராது.

பக்கிரிசாமி துறைமுகத்தில் ஒன்பது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். தம் மகளைக் கட்டிக்கொள்ள வரச் சொல்லி மாமா எழுதும்போதெல்லாம், அடுத்த கப்பலில் வருகிறேன் என்று பதில் போட்டவர். ஒன்பது வருஷத்தில் எத்தனை கப்பல். கடைசியில் மாமாவே ஏறி வந்துவிட்டார்.

இரண்டு சீட்டு எடுத்தார். தன்னுடையதை இடுப்பில் முடிந்துகொண்டு, மற்றதை மருமகனின் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார்.

புறப்படுகிற நாளன்று, ஊரில் போய்ச் சொல்ல எதையாவது பார்க்க வேண்டாமா என்று மாமாவுக்கு ஆசை வந்தது. ரிக்‌ஷா பிடித்து வந்தார்கள். மாமா அருவியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊரு வாய்க்கால நிமித்தி நிறுத்தினாப்ல இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் குரங்கு.

காது கிழிந்த கிழட்டு ஆண் குரங்கு அது. நாங்கள் அதைக் கிராணி என்போம். கிராணி என்றால் எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா. அவரைப் போலவே இதுவும் எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்க்காமல் விடாது.

மருமகனின் தோளில் குதித்தது. பைக்குள் கையை விட்டது. அள்ளியதோடு மரத்தின் மேலே போய் உட்கார்ந்தது.

சீட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தது. முத்திரையை நக்கியது. கப்பல் புறப்படும் நேரம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தது.

"யோவ் கடலைக்காரரே, அத எறக்க ஒரு வழி சொல்லுமய்யா!"

"அது கிராணி லா, பெரியவரே. மேல போன காகிதம் கீழ வந்ததே இல்ல."

மாமா வாழைப்பழம் நீட்டினார். இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போனது. துண்டை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டது. மகளுக்கென்று வாங்கிய கண்ணாடி வளையலைக் காட்டினார். ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தது.

பிறகு சீட்டை இரண்டாகக் கிழித்து, நாகப்பட்டினம் என்று போட்டிருந்த பாதியைத் தின்றது.

மாமா உட்கார்ந்துவிட்டார். வேறு சீட்டுக்கு வழியில்லை. கப்பல் நேற்றே நிறைந்துவிட்டது.

"தை எட்டு முகூர்த்தம்டா, பாவி! ஊருக்கெல்லாம் பாக்கு வெச்சாச்சுடா!"

"அடுத்த கப்பல்ல வந்துடறேன் மாமா" என்றார் பக்கிரிசாமி.

மாமா அவர் முகத்தைப் பார்த்தார். மரத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். இரண்டில் அதுதான் நம்பும்படி இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தே அழுதார்.

நாலு மணிக்குக் கப்பல் மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. குரங்கு சீட்டைத் தின்றதை ஊரில் ஒருவரும் நம்பவில்லையாம். ஆனாலும் அதே முகூர்த்தத்தில் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை அமைந்தார். சைக்கிள் வைத்திருக்கிறவர் என்று கடிதம் வந்தது.

அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் தண்ணீர்மலைக் கோயிலில் பக்கிரிசாமிக்கும் என் தங்கை குணவதிக்கும் கல்யாணம் நடந்தது. கிராணிக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தோட்டத்துக்கு வருகிற எல்லோரிடமும் நான் ஒன்று சொல்வேன்: கடலையைச் சட்டைப் பையில் மட்டும் வைக்காதீர்கள், பையில் இருப்பதெல்லாம் போய்விடும்.

அன்று மாமா அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கிரிசாமி என்னிடம் வந்தார். காகிதச் சுருள் வேண்டாம் என்று சொல்லி, சட்டைப் பையை விரித்துக் காட்டினார்.

அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சீட்டுக்கு மேலே போடவா, கீழே போடவா என்று மட்டும் கேட்டேன்.